கிளாம்புக்குள் என் தாள்

ஹயாத் அண்ணே,

அம்மாவோடு மாமல்லபுரம் சின்னம்மா வீட்டுக்குப் போகிறேன். சோறு பானையில் இருக்கிறது. மீன் குழம்பைத் தின்றுவிட்டு மூடி வை, பூனை வருகிறது.

உன் பைக் சாய்ந்தால் டேங்க் நசுங்கக் கூடாதென்று நேற்று முன்னால் தடுப்புக் கம்பி மாட்டினாய். சரி. கிளாம்பு இறுக்கும் இடத்தில் பெயிண்ட் உரியாமல் இருக்க, மடித்துச் செருகுவதற்கு என் நோட்டுதான் கிடைத்ததா? நாலு தாள் கிழித்திருக்கிறாய். கேட்டால், "இஸ்கூலுக்கே போவாதவளுக்கு நோட்டு இன்னாத்துக்கு?" என்கிறாய். மெக்கானிக் வாசுதேவன் வேறு, "இன்னா ஹயாத், வண்டிக்குத் தாயத்து கட்டுறியா?" என்று சிரித்தார்.

அது நான் யாருக்கும் காட்டாமல் எழுதுகிற நோட்டு. நீயும் அத்தாவும் என் படிப்பை நிறுத்தினீர்கள், பேசாமல் இருந்தேன். இதற்கு இருக்க மாட்டேன்.

காலையில் நானே ஸ்பானர் பிடித்து மூன்று தாளை எடுத்துவிட்டேன். அங்கெல்லாம் பழைய சைக்கிள் டியூபை வெட்டி வைத்து இறுக்கியிருக்கிறேன். தாள் மழையில் ஊறினால் கம்பி ஆடும் என்றுகூட உனக்குத் தெரியவில்லை. இடது பக்கம் கீழே இருக்கும் நட்டு மட்டும் அசையவில்லை. நாலாவது தாள் அதற்குள் இருக்கிறது.

சைதூன்

அந்த இடத்துக்கான டியூப் துண்டு சீட்டின் மேல் இருக்கிறது.

வண்டிச் சாவியைத் தேடாதே. என்னிடம் இருக்கிறது. அந்தத் தாளைப் பிரித்துப் பார்க்காமல் எடுத்துக்கொண்டு பஸ் ஏறி வா. கொடுத்துவிட்டு வாங்கிக்கொள்.