செம்புமலை வெள்ளத்தை வென்ற காற்றும் ஆவியும்

வரையாட்டுக் கொடியுடைய நெடுவரை நாட்டை ஆளும் கோப்பெருநங்கையாரின் ஆணைப்படி, தலைமை அமைச்சன் அருவந்தைக் காவிதி, முத்தூற்று நாட்டு மன்னர் பெருஞ்சாத்தனார் திருமுன் பணிந்து விடுக்கும் ஓலை. தங்கள் கோட்டை நிலைபெறுக. தங்கள் குடிகள் நோயின்றி வாழ்க.

தங்கள் சுரங்கத்தில் நீரிறைக்க வெங்காற்றுப் பொறி நன்றோ, நீராவிப் பொறி நன்றோ எனத் தாங்கள் வினவியிருந்தீர்கள். எம் செம்புமலையில் சென்ற கார்காலத்தில் நடந்ததை உரைப்பதே தக்க விடையென அரசியார் திருவுளம் கொண்டார்.

வெங்காற்றுப் பொறியைச் சமைத்தவள் செம்பும் பித்தளையும் வார்க்கும் கன்னார் குலத்துச் சேந்தி. நான்காண்டுக்கு முன், தித்தன் என்னும் கொல்லன் அமைத்த நீராவிக் கொதிகலன் வெடித்து அவள் தம்பி மாண்டான். அரசியார் ஆவிப்பொறிகளைத் தடைசெய்தார்; தித்தனிடம் எஞ்சிய ஒரு பொறியும் அவன் பட்டறையில் பூட்டப்பட்டது. சேந்தியோ தித்தனோடு பேச்சை அறுத்துக்கொண்டு, வெடிக்காத பொறி ஒன்றைச் செய்வதிலேயே மூழ்கினாள், செய்தும் முடித்தாள். உருளைக்குள் அடைபட்ட காற்று அனல்பட்டு விரிந்து தண்டை உந்தும். குளிர்ந்து சுருங்கி அதை மீட்கும். கொதிக்கவைக்க நீர் வேண்டா, விறகும் சிறிதே. மூன்றாண்டு அது சுரங்கத்து ஊற்றைச் சலியாது இறைத்தது.

அப்போதுதான் மலைமேல் ஏரி உடைந்து சுரங்கத்துள் வெள்ளம் புகுந்தது. ஒன்பது பேர் உள்ளே ஒரு மேட்டறையில் சிக்கினர். சேந்தி மேலும் மேலும் அனலேற்றினாள். அடித்தகடு சிவந்து தொய்ந்ததேயன்றிப் பொறியின் வலிமை கூடவில்லை. பேருடல் கொண்டும் சிறுவலியே உடையது காற்றுப்பொறி என்பதை அவளினும் அறிந்தவர் யார்? நீர் சாண் சாணாக ஏறுவதைக் கண்டவள் நேரே தித்தன் பட்டறைக்கு நடந்தாள்.

"தித்தா, என் காத்துப் பொறியால ஆகல. பூட்டி வெச்ச உன் பொறியை எடு."

"அரசி ஆணை இருக்கே, சேந்தி. அதோட... மறுபடி வெடிச்சா?"

"ஆணைக்கு நான் தலை குடுக்கிறேன். வெடிக்காம பாக்கத்தான் நான் பக்கத்துல நிக்கப் போறேன். நீ மூட்டு."

தித்தன் அழுதுகொண்டே மூட்டினான் என்பர். நீர் ஆவியானால் ஆயிர மடங்குக்கு மேல் விரியும். அதனால் சிற்றுருளையும் யானை வலி காட்டும். விறகு மலைமலையாய் வெந்தது. மிகை ஆவி போக்கும் வாயின் அருகே, தம்பியைக் கொன்ற அந்தச் சீற்றத்தைக் காதாலேயே அளந்தவாறு, வெள்ளம் வடியும்வரை சேந்தி நின்றாள். ஒன்பது பேரும் உயிரோடு வந்தனர்.

ஆணை மீறிய இருவரும் அவையில் நிறுத்தப்பட்டனர். எப்பொறி மேலெனச் சேந்தியை அரசியார் வினவினார்.

"தினம் ஊறுற தண்ணிக்கு என்னுது போதும், தாயே. வெள்ளம் வந்தா அவனுதுதான் வேணும். அதுக்குக் கண்ணு அசராத ஆளும் வேணும்."

அரசியார் அரியணை விட்டு இறங்கி, தடையைத் தம் வாயாலேயே நீக்கினார். முப்பதாண்டு அமைச்சுப் பணியில், தம் ஆணையைத் தாமே திருத்தும் அத்தகைய நெஞ்சுரத்தை எந்த அரசரிடமும் அடியேன் கண்டதில்லை.

ஆகவே பொறிகள் இரண்டும், செய்தோர் இருவரும், ஒரே வண்டியில் தங்கள் நாட்டுக்குப் புறப்பட்டுள்ளனர். ஒன்றே போதுமெனத் தாங்கள் எழுதியிருப்பினும் இரண்டையும் ஏற்றருள்க. கொதிகலனருகே சேந்தி சொல்வதே ஆணை. அங்கே மன்னர் சொல்லும் அதற்குப் பின்னதே. இஃது அரசியார் கட்டளை. வரையாட்டு முத்திரை பதித்தோம்.