நாய் குரைத்ததும் எழுந்து நின்றோம்

அன்புள்ள அம்மா,

முழங்கால் வலி தேவலையா? பிரான்ஸில் நான் சௌக்கியம்.

சாயக்குண்டால் சுடும் பெயிண்ட்பால் போட்டியில் நாங்கள் முதல் ஆட்டத்திலேயே தோற்றது தெரிந்திருக்கும். எப்படி என்று ஊர் திரும்பிய என் அணிப் பையன்கள் சொல்லியிருக்க மாட்டார்கள். நம் ஊரில் எங்களுக்கு மைதானம் ஏது? ஹெப்வர்த் மாமா செம்மறி மேய்கிற வயலைத்தானே இரவல் தந்தார். அவர் நாய் குரைத்தால் ஆடுகள் வருகின்றன என்று அர்த்தம். உடனே துப்பாக்கியைத் தாழ்த்தி எழுந்து நிற்க வேண்டும். அது அவர் போட்ட நிபந்தனை.

இங்கே ஆட்டத்தின் நடுவே மைதானத்துச் சொந்தக்காரி ஓடீலின் நாய் குரைத்தது. ஐந்து பேரும் மறைவிலிருந்து எழுந்து நின்றோம். எதிரணி எங்களைத் தலை முதல் கால் வரை சாயத்தில் குளிப்பாட்டிவிட்டது.

"ஏம்ப்பா, சரணடைஞ்சிட்டீங்களா?" என்றார் நடுவர். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. எங்களை அனுப்ப ஊரே கேக் சுட்டு விற்றதை நினைத்தால் உடம்பு கூசுகிறது.

அதனால்தான் நான் ஊர் திரும்பும் வேனில் ஏறவில்லை. இந்த மைதானத்திலேயே ஆட்டக்காரர்களின் முகமூடி கழுவும் வேலையில் சேர்ந்துவிட்டேன். மாலையில் பயிற்சிக்கு விடுகிறார்கள். "குரைச்சா குனியணும் தம்பி, நிமிரக் கூடாது" என்று ஓடீல் தினமும் வம்புக்கு இழுக்கிறார்.

கம்பளிக் காலுறையும் நம் தேயிலையும் அனுப்பு. ஹெப்வர்த் மாமாவிடம் சொல்லாதே, பாவம், நாயைத் திட்டுவார்.

கூப்பிடுகிறார்கள், போகிறேன். நேற்றுப் பயிற்சியிலும் அந்த நாய் குரைத்தது அம்மா. நான் மட்டும் எழுந்து நின்றேன்.

உன்
டெஸ்மண்ட்