கடைசிப் பக்கத்தில் சின்னையா

நவம்பர் 18, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். காலேஜில் இரண்டு வகுப்பு. மதியத்துக்கு மேல் கட்டுரை வேலை.

நண்டுக் கட்டுரையை ஜர்னலிலிருந்து திருப்பி அனுப்பிவிட்டார்கள். நண்டைப் பற்றி ஒரு குறையும் இல்லை. கடைசிப் பக்கத்து மேற்கோள் பட்டியல் அவர்கள் பாணியில் இல்லையாம். செய்ய வேண்டியவை:

– கமா, புள்ளி
– பக்க எண்கள்
– ஜர்னல் பெயர்கள் சாய்வெழுத்தில்
– ஆட்களின் பெயர்கள். குடும்பப் பெயர் முதலில், பிறகு சொந்தப் பெயரின் முதல் எழுத்து.

நமக்கு ஏது குடும்பப் பெயர்? அப்பா பெயரைத்தான் அந்த இடத்தில் போட்டுத் தொலைக்க வேண்டும். மீமிசல் கடற்கரையில் வெயிலில் நின்று சினை நண்டு எண்ணியவள் பூங்கொடி, என்னோடு ஆராய்ச்சி செய்தவள். அவள் எழுதி வெளிவந்தது ஒரே கட்டுரை, செமினார் மலரில். பட்டியலில் அது இப்போது "சின்னையா, பூ." அவளுக்கு மிஞ்சியது ஓர் எழுத்து.

போன வருஷம் இதே மழையில், காய்ச்சல் வந்து செத்துப்போனாள். சின்னையா அவள் அப்பா. துபாயில் ஸ்டோர்கீப்பர் வேலை முடிந்து வந்தவர். நண்டைத் தின்றதுண்டு, எழுதியதில்லை.

மாற்றிவிட்டேன். வயிற்றெரிச்சலோடு.

நவம்பர் 19, புதன்

மழை. கரண்ட் போய்ப் போய் வந்தது.

அந்த வரி மட்டும் பழையபடி ஆகிவிட்டது. "பூங்கொடி, சி."

மேற்கோள்களை அடுக்கி வைக்கும் மென்பொருள் ஒன்று. நானும் பூங்கொடியும் ஒரே பட்டியலாக வைத்துக்கொண்டோம். அவள் அறந்தாங்கியில் திருத்தினால் இங்கே புதுக்கோட்டையில் என் கணினியிலும் திருந்தும். யார் திருத்தினார்கள் என்றும் காட்டும். அவளை அதிலிருந்து எடுக்க எனக்கு மனசு வரவில்லை.

பார்த்தேன். கடைசியாகத் திருத்தியவர்: பூங்கொடி. இன்று.

"இன்று" என்ற சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன். டீ ஆறிப்போனது.

சாருக்கு போன். என் ஆராய்ச்சிக்கு அவர்தான் கைடு. "சாஃப்ட்வேர்னா அப்படித்தாம்மா. பழசு ஏதாவது திரும்பி வரும். மறுபடி மாத்திட்டு அனுப்பு."

மாற்றினேன்.

நவம்பர் 21, வெள்ளி

அரிசி, சாம்பார் பொடி, அம்மாவுக்குப் பிரஷர் மாத்திரை.

நேற்றும் திரும்பியிருந்தது. இன்றும். நான் சின்னையா என்று போட, அது பூங்கொடி என்று ஆகிறது. மற்ற ஒரு வரியிலும் கை வைக்கவில்லை. அவளும் இப்படித்தான். தப்பு என்று பட்டால் விடமாட்டாள், பத்துத் தடவை சொல்வாள்.

அம்மா எட்டிப் பார்த்து, "என்னடி, பேயறஞ்ச மாதிரி உக்காந்திருக்க?" என்றாள். தலைவலி என்றேன். திருநீறு பூசிவிட்டுப் போனாள்.

பயம்தான். ஆனால் பயத்தைவிடச் சந்தோஷம். இதை யாரிடம் போய்ச் சொல்வது? காலையில் எழுந்ததும் பல்கூட விளக்காமல் போய்ப் பார்க்கிறேன், மாறியிருக்க வேண்டுமே என்று.

ஒவ்வொரு கட்டுரைக்கும் கீழே குறிப்பு எழுத ஒரு பெட்டி உண்டு. அதில் தட்டினேன்: யாரு இது?

பூங்கொடி என்று பதில் வந்தால் என்ன செய்வேன் என்று யோசிக்கவே இல்லை.

நவம்பர் 22, சனி

பதில் இருந்தது. ஆங்கிலத்தில், எல்லாம் பெரிய எழுத்து. பூங்கொடி அப்பா. நீங்கள் யார்?

அழுகை வந்தது. ஏமாற்றம்தான், வேறென்ன. சட்டையை மாற்றிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். அறந்தாங்கி போய்ச் சேரும் வரை மழை.

சின்னையா வாசலிலேயே நின்றார். இளைத்திருக்கிறார். "வா ஆத்தா, இங்கிட்டு ஒக்காரு. நீதானா அது?"

"நான்தாம்ப்பா."

மேசைமேல் அவள் லேப்டாப், திறந்தபடி. மூடியில் அவள் ஒட்டிய நண்டுப் படம் அப்படியே.

"சார்ஜ் போடாம வச்சா செத்துரும்னு கடையில சொன்னான்" என்றார். "தெனம் போட்டு வைப்பேன். அவ வச்சிட்டுப் போன எடத்துலயே தொறக்கும். செவ்வாக்கெழம பாத்துக்கிட்டு இருக்கையிலேயே அவ பேரு அழிஞ்சு என் பேரு வந்துச்சு. நான் ஒரு வரி எழுதலயே ஆத்தா. மீன் வாடைக்குள்ள பொம்பளப் புள்ள எதுக்குன்னு சத்தம் போட்டவன் நான். அதான் எடுத்துட்டு அவ பேரப் போட்டேன்."

"அது ஜர்னல்காரங்க வச்ச விதிப்பா. நான்தான் மாத்தினேன்."

"யாரு மாத்துனதுன்னு பாக்க எனக்குத் தெரியாது ஆத்தா. மறுபடியும் என் பேரு வந்துச்சா, அப்பதான்..." சிரிக்கப் பார்த்தார். "அவதான்னு நெனச்சுட்டேன். அப்பா பேரு இருக்கட்டும்னு அவதான் போடுறாளோன்னு. அதுக்கப்புறம் பேருக்காக மாத்தல ஆத்தா. மாத்தி வச்சா திரும்ப வருவாள்ல."

இத்தனை நாளும் எனக்கு அவர் பேய், அவருக்கு நான். நடுவில் அவள் இல்லவே இல்லை.

யார் இது என்று நான் கேட்டதைப் படித்ததும் விளங்கிவிட்டதாம். அவளாக இருந்தால் கேட்கமாட்டாளே. அன்று அவர் சாப்பிடவில்லை என்று அவள் அம்மா உள்ளேயிருந்து சொன்னார்.

காப்பி குடித்தேன். கிளம்பும்போது, "கேட்டுத் தொலைக்காம இருந்திருக்கலாம்" என்று தோன்றியது. இப்போதும் தோன்றுகிறது.

நவம்பர் 23, ஞாயிறு

வெயில் கொஞ்சம். துணி துவைத்தேன்.

கட்டுரையை முதலிலிருந்து படித்தேன். எண்ணிக்கை எல்லாம் அவளுடையது. படகுக்காரர்களிடம் பேசியது அவள். முதல் பக்கத்தில் என் பெயர், சார் பெயர். அவள் கடைசிப் பக்கத்தில், கமாவுக்கு முன்னாலா பின்னாலா என்று நான் இவ்வளவு நாள் மல்லுக்கட்டியிருக்கிறேன். அவள் இடம் முதல் பக்கம் என்று மண்டையில் ஏறவே இல்லை. அவள் போனபிறகு எல்லாம் என் தலையில்தான் என்று அழுததில் வேறெதுவும் தெரியவில்லை.

சாருக்கு போன். "பூங்கொடி பேரை முதல்ல போடப் போறேன் சார்."

"அவ இல்லையேம்மா."

"கட்டுரையில இருக்கா சார்."

"ஜர்னலுக்கு விஷயத்தச் சொல்லி எழுது. காலமானார்னு குறிப்பு போடணும். வீட்ல சம்மதம் வாங்கிரு." வைத்துவிட்டார். கோபமா என்று தெரியவில்லை.

சின்னையா அப்பாவிடம் கேட்டேன். "போடு ஆத்தா" என்று மட்டும்.

நவம்பர் 25, செவ்வாய்

மறுபடி மழை. ஜர்னலிலிருந்து பதில்: போடலாம். உறுதிசெய்யச் சொல்லி ஒவ்வொருவருக்கும் மெயில் தானாகவே போகும், காலமானவருக்கு வருவதற்கு வீட்டார் பதில் சொன்னால் போதும்.

படிவத்தில் குடும்பப் பெயர் இல்லாமல் நகரமாட்டேன் என்றது. சின்னையா என்று போட்டால் அவர் திரும்ப மாற்றுவார். இரண்டு பெட்டியிலும் பூங்கொடி என்றே போட்டேன். ஏற்றுக்கொண்டது.

அனுப்பிச் சற்று நேரத்தில் அவர் போன்.

"அவளுக்கு ஒரு மெயில் வந்திருக்கு ஆத்தா. அன்புள்ள பூங்கொடின்னு."

"ஆமாப்பா. அதுக்குத்தான் நீங்க பதில் சொல்லணும்."

"இத நான்தான் எழுதினேன்னு ஒரு பட்டன் இருக்கு. நான் எழுதலன்னு ஒண்ணு இருக்கு." மூச்சு வாங்கினார். "அவ எழுதினான்னு இல்லையே."

"அது இருக்காதுப்பா. முதல்ல உள்ளத அமுத்துங்க."

அவர் பக்கமும் மழைச் சத்தம். நான் காத்திருந்தேன்.

"அமுத்திட்டேன்" என்றார்.