நீ மறுக்கவில்லை, சுபைதா

கூடப் பிறக்காத என் வாயாடித் தங்கச்சி சுபைதாவுக்கு,

நீ இறந்து நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடிந்துவிட்டது. நீ தறியில் பாதியில் விட்ட சாரனை உன் மூத்த மகள்தான் நெய்து முடித்தாள். நேற்று என் மேசைக்கு உன் மரண அறிக்கை வந்தது. வயிற்றைப் பரிசோதிக்க நீ மறுத்துவிட்டதாக அதில் எழுதியிருக்கிறது. ஆஸ்பத்திரியின் பொறுப்பு டொக்டர் என்பதால் நான் கையெழுத்திட வேண்டுமாம். படித்து முடித்ததும் கையைக் கழுவ வேண்டும்போல் இருந்தது.

மருதமுனைச் சந்தொன்றில் நூல்கட்டு ஏற்றி வந்த சைக்கிளின் கைப்பிடி உன் இடது விலாவுக்குக் கீழே இடித்தது. தோல்கூடக் கிழியவில்லை. நீ சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனாயாம். பிறகு இடது தோள் வலித்தது. உன் கணவர் யூசுப் எண்ணெய் போட்டு உருவிப் பார்த்துவிட்டு, காலையில் உன்னை இங்கே கொண்டுவந்தார். நான் அன்று மட்டக்களப்புக்குப் போயிருந்தேன்.

புதிதாக வந்த டொக்டர் மறைப்புச் சீலைக்கு வெளியே நின்று, எல்லாவற்றையும் யூசுப்பிடமே கேட்டார். முஸ்லிம் பெண்ணின் வயிற்றில் கை வைப்பது மரியாதையில்லை என்று அவராகவே தீர்மானித்துக்கொண்டார். தோளுக்கு ஒரு கட்டு, வலிக்கு ஒரு ஊசி. வயிற்றுக்குள் இரத்தம் கசிந்தால் வலி தோளில் தெரியலாம் என்று அவரும் படித்துத்தானே வந்தார்? ஊசி போட்டதும் நீ அமைதியானாய். நாடித் துடிப்பு மட்டும் ஏறிக்கொண்டே போனது. தாதி பரிபூரணம் மணிக்கு மணி அதைக் குறித்து வைத்தார். குறித்ததை யார் பார்த்தார்?

மாலையில் நான் வந்து தொட்டபோது உன் வயிறு உப்பி இறுகியிருந்தது. உடனே திறந்தேன். மண்ணீரல் கிழிந்து வயிறு முழுக்க இரத்தம். யூசுப்பின் தம்பி கொடுத்த இரத்தம் உன் உடம்பில் ஏறிக்கொண்டிருக்க, மண்ணீரலை எடுத்து நாளங்களைக் கட்டினேன். வயிற்றைத் தைக்குமுன் நீ போய்விட்டாய்.

என்மேலும் எனக்கு அருவருப்புத்தான். பழைய மலேரியாவால் உன் மண்ணீரல் வீங்கியிருந்ததைச் சென்ற வருடம் தடவிப் பார்த்தவள் நான். அப்படிப்பட்டது சின்ன அடிக்கே கிழியும். உன் மருத்துவ அட்டையில் அதை ஏன் எழுதாமல் விட்டேன்?

நேற்று யூசுப் வந்தார். "மவுத்தானவ திரும்பியா வரப்போறா, டொக்டரம்மா? மானத்தோட போனவ எண்டு ஊரே கதைக்குது. அப்படியே இருக்கட்டும், கையெழுத்த வைங்க," என்றார். புது டொக்டருக்கு வேலை, யூசுப்புக்குப் பெருமை, ஊருக்கு ஒரு நல்ல கதை. உன் பிணத்தில் எல்லோருக்கும் ஒரு பங்கு கிடைத்திருக்கிறது.

அவர் போனதும், அன்று சீலைக்குள் உன்னோடு நின்ற பரிபூரணத்தைக் கூப்பிட்டுக் கேட்டேன். தயங்கித் தயங்கித்தான் சொன்னார். நீ சொன்னாயாம்:

"வயித்துலயும் நோவுதுதான், மிஸி. நாலு புள்ள பெத்த வயிறு, டொக்டர் பார்த்தாத் தேஞ்சா போயிரும்?"

அதை அவர் வெளியே வந்து சொல்லியிருக்கிறார். தேவையில்லை என்று டொக்டர் கையசைத்துவிட்டாராம்.

நீ மறுத்தாய் என்ற அந்த வரியை அடித்துவிட்டு, நீ சொன்னதைச் சொன்னபடியே எழுதுவேன். பரிபூரணம் சாட்சிக் கையெழுத்துப் போடுகிறார். உன் அட்டையில் நான் எழுதாமல் விட்டதும் அதில் இருக்கும். யூசுப் இனி என் படி ஏறமாட்டார், ஏறாவிட்டால் போகட்டும். நீ வெட்கப்பட்டுச் செத்தாய் என்று சொல்ல ஒருவரையும் விடமாட்டேன்.

பிந்தி வந்த உன்
அக்கா