கயிற்றைக் கட்டச் சொன்னவர்

படகில்,
வியாழக்கிழமை மத்தியானம்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. மூக்கைத் தவிர உடம்பில் மற்றதெல்லாம் நன்றாக இருக்கிறது. நீயும் அப்பாவும் சுகமா? அப்பாவின் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறாயா? போனை விட்டுவிட்டு இவள் ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். இந்தப் படகு நம் சமையலறை அளவுகூட அகலமில்லை. எனக்கும் உன் மாமனார் மாமியாருக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். இந்தப் பக்கம் பெருமூச்சு விட்டால் அந்தப் பக்கத்திலிருந்து என்ன விஷயம் என்று கேட்பார்கள். போனில் எதைப் பேசுவது?

முதலில் என் வயிற்றெரிச்சலைக் கொட்டிவிடுகிறேன். இருபத்தாறு வருஷம் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை பார்த்தவள் நான். ஊர் அழுக்கையெல்லாம் பார்த்த எனக்கே இங்கே குமட்டுகிறது. குளிருக்குப் பயந்து ஜன்னலைத் திறப்பதில்லை. ஐந்து நாளாக மூன்று பேர் விட்ட மூச்சு கூரையில் தண்ணீராகக் கோத்துக்கொண்டு, விடியும்போது என் நெற்றியில் சொட்டுகிறது. போர்வை ஈரம், தலையணை ஈரம், காலுறை காய்ந்ததாகச் சரித்திரமே இல்லை. அடுப்புப் பக்கத்தில் போட்டால் டீசல் வாடை ஏறிக்கொள்கிறது. உன் மாமனார் ரொட்டி வெட்டுகிற மேசை மேலேயே காலைத் தூக்கி வைத்து நகம் வெட்டுகிறார். ஒரு துண்டு என் சூப் கிண்ணத்தை ஒட்டி வந்து விழுந்தது. விரலால் ஒரு சுண்டு சுண்டினார், அவ்வளவுதான். அன்றிலிருந்து அவித்த முட்டையைத் தவிர நான் எதையும் தொடுவதில்லை. ஓட்டையும் நானே உரித்துக்கொள்கிறேன்.

கக்கூஸைப் பற்றி எழுதக் கூடாது என்றுதான் நினைத்தேன். அடியில் ஒரு தொட்டி. இரண்டு நாளைக்கு ஒரு தடவை அதைக் கழற்றிக் கரைக்குக் கொண்டு போய்க் கொட்ட வேண்டும். தூக்குவது யார் தெரியுமா? உன் மாமியார். அறுபது வயதில், பனியில் வழுக்குகிற பலகை மேல், அதை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு நடக்கிறார். நான் ஒரு பக்கம் பிடிக்கப் போனேன். சுக்கான் பக்கத்தில் உட்கார்ந்திருந்த உன் மாமனார், நீங்க விருந்தாளி, உக்காருங்க சம்பந்தியம்மா, அவ பாத்துப்பா என்றார். ரொம்ப மரியாதை தெரிந்த மனுஷன்.

நான் எதற்கு வந்தேன் என்பது உனக்குத் தெரியும். நீ மாப்பிள்ளையை விட்டு நம் வீட்டுக்கு வந்து இரண்டு மாசமாகிறது. இவர்கள் வருஷா வருஷம் குளிர் ஆரம்பிக்கும்போது இந்தப் படகை மேல் கால்வாயிலிருந்து கீழ் ஏரிக்குக் கொண்டு போய் நிறுத்துவார்களாம். எட்டு நாள் பயணம். நீங்களும் வாங்க, நிதானமாப் பேசி முடிச்சிடலாம் என்று கூப்பிட்டார்கள். முடித்தும்விட்டேன். ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வந்து உன்னை அழைத்துப் போகட்டும் என்று முதல் நாளே தலையாட்டிவிட்டேன். உன்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இப்போது நேற்று நடந்ததைக் கேள். கால்வாயில் தண்ணீர் மட்டம் இறங்குகிற இடத்திலெல்லாம் ஒரு மதகு இருக்கிறது. முன்னும் பின்னும் கதவு போட்ட ஆழமான தொட்டி. படகை உள்ளே விட்டுக் கதவை மூடி, தண்ணீரை வடிய விட்டால் படகும் கூடவே இறங்கும். கரையில் நிற்கிறவர் கயிற்றைக் கம்பத்தில் ஒரு சுற்றுச் சுற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, படகு இறங்க இறங்க விட்டுக்கொடுக்க வேண்டும். கட்டவே கூடாது. வேடிக்கை பார்த்த எனக்கே இரண்டாம் நாள் இது புரிந்துவிட்டது. மழையோ பனியோ, கரையில் நிற்பது எப்போதும் உன் மாமியார்தான். மாமனார் கையில் டீ.

முந்தின நாள் கயிறு கொஞ்சம் வழுக்கிப் படகு சுவரில் லேசாக உரசிவிட்டது. அதற்கு, வழியில் குறுக்கிட்ட ஒரு ஏரியைக் கடக்கிற மூன்று மணி நேரமும் அந்த அம்மாவுக்கு அர்ச்சனை. பல்லைக் கிட்ட வைக்கிற காற்று அடித்தது. இவர் பேச்சுக்கு அந்தக் காற்றே தேவலை. நேற்று மதகுக்கு வந்ததும், இன்னிக்காவது கயித்தை ஒழுங்காக் கட்டித் தொலை என்றார். கட்டினால் என்ன ஆகும் என்று அந்த அம்மாவுக்குத் தெரியும், முப்பது வருஷமாகப் படகை இறக்குகிறவர். தெரிந்தே கட்டினார். சொன்னதைச் செய்யவில்லை என்று ஆகிவிடக் கூடாதே. கட்டிவிட்டுத் தண்ணீரைத் திறக்கப் போனார்.

தண்ணீர் இறங்கிற்று, படகு இறங்கவில்லை. கயிற்றில் தொங்கிக்கொண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கெட்டில், கிண்ணம், நான், எல்லாம் ஒரு மூலைக்குப் போய்ச் சேர்ந்தோம். உன் மாமியார் ஓடி வந்து முடிச்சை அவிழ்க்கப் பார்த்திருக்கிறார். பாரத்தில் இறுகின முடிச்சு அவிழுமா? விரல்கள் கயிற்றுக்கும் கம்பத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டன. மதகுக்காரர் கத்தியோடு ஓடி வந்து அறுத்தார். தட்டுத் தடுமாறி நான் வெளியே வந்து பார்த்தால், அந்த அம்மாவுக்கு இரண்டு விரல் கத்தரிக்காய் நிறத்தில் வீங்கியிருக்கிறது. உன் மாமனார் அறுந்த கயிற்றைத் தூக்கிப் பார்க்கிறார். புதுக் கயிறு, மூளைன்னு ஒண்ணு இருக்கா உனக்கு, எவன் கட்டச் சொன்னான் என்றார். மதகுக்காரர் முன்னாலேயே. என் தப்புதான் என்றார் உன் மாமியார்.

நீ வந்த அன்றைக்கு மாப்பிள்ளையைப் பற்றி என்னிடம் சொன்னாயே, அவர் சொன்னதைச் செஞ்சாலும் திட்டு, செய்யாட்டியும் திட்டு என்று. நான் என்ன கேட்டேன்? அடிக்கிறாரா, குடிக்கிறாரா, அப்புறம் என்னடி குறை உனக்கு என்று கேட்டேன். அந்த வாயில் மண்ணைப் போட.

சாயங்காலம் மாப்பிள்ளை போன் பண்ணினார். எல்லார் காதிலும் விழுகிற மாதிரி வைத்துக்கொண்டு மாமனார் கதையைச் சொன்னார். மாப்பிள்ளை சிரித்தார். அம்மாவை நம்பி எதுக்குப்பா விடறீங்க, பத்து தடவை சொன்னாதான் அவங்களுக்கு ஒரு தடவை ஏறும் என்றார். கை எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. தாயைத் தண்ணீர்த் துறையில் பார்த்தால் மகளை வீட்டில் பார்க்க வேண்டாம் என்பார்கள். நான் தகப்பனைத் தண்ணீரில் பார்த்துவிட்டேன், மகனைப் போனில் கேட்டுவிட்டேன். எனக்குப் போதும்.

விரலுக்குத் துணி சுற்றும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. அடிபட்டவர் என்னைத் தேற்றுகிறார். பழகிடும் சம்பந்தி, எனக்குப் பழகிடலையா, உங்க பொண்ணுக்கும் பழகிடும் என்றார். நானும் இதே வார்த்தையைச் சொல்லித்தானே உன்னை அனுப்பப் பார்த்தேன். அந்த நகத்தையும் தொட்டியையும் விட என்னை நினைத்தால்தான் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

உடனே இறங்கி வரவேண்டியதுதானே என்பாய். அந்த அம்மாவுக்கு இப்போது ஒரு கைதான். இன்னும் ஆறு மதகு இருக்கிறது. காலையிலிருந்து கயிறு நான் பிடிக்கிறேன். கட்டிடுங்க சம்பந்தியம்மா, சுலபம் என்றார் உன் மாமனார். கட்ட மாட்டேன் என்றேன். சுக்கான் பக்கம் திரும்பி டீயைக் குடித்தார். மாட்டேன் என்பது இவ்வளவு சின்ன வேலை, கண்ணு. இத்தனை வயதில்தான் எனக்கே தெரிகிறது.

இதை அப்பாவுக்குப் படித்துக் காட்டு. ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வந்தால் உட்காரச் சொல்லுங்கள். அம்மா தலையாட்டியது செல்லாது என்று அப்பா சொல்லட்டும். நீ பெட்டியைத் தொடாதே. திங்கட்கிழமை நான் வந்துவிடுவேன், மீதியை நான் பேசிக்கொள்கிறேன்.

என்னிடம் கவர் இல்லை. உன் மாமியார்தான் தேடி எடுத்து, ஸ்டாம்பும் ஒட்டிக் கொடுத்தார். என்ன எழுதுகிறீர்கள் என்று கேட்கவில்லை. கரையில் தபால் பெட்டி இருக்கு, நானே போய்ப் போட்டுட்டு வரேன், இன்னிக்குப் போட்டா சனிக்கிழமையே கிடைச்சிடும் என்று மட்டும் சொன்னார். துணி சுற்றின கையை நீட்டிக்கொண்டு இப்போது பக்கத்தில்தான் நிற்கிறார்.

நீ நன்றாக இரு, உன் இஷ்டப்படி இரு.

உன்னைக் கேட்காமல் தலையாட்டிய
அம்மா