இரண்டாம் சாட்சி

மார்ச் 4

மதிப்பிற்குரிய பேராசிரியர் ஐயாவுக்கு,

போர்க்கால ராணுவ நீதிமன்றங்களைப் பற்றி நீங்கள் எழுதிய புத்தகத்தை, என்னிடம் துணி தைக்க வரும் நூலகர் கொடுத்தார். ஒரே மூச்சில் படித்தேன். நான் அம்மா வயிற்றில் ஏழு மாதமாக இருந்தபோது, போர்முனையிலிருந்து ஓடினார் என்று என் அப்பாவைச் சுட்டுவிட்டார்கள். அவருடைய படை எண்ணைக் கீழே எழுதியிருக்கிறேன்.

அப்பாவோடு அதே படையில் இருந்த நண்பர் பிறகு அம்மாவை மணந்து என்னை வளர்த்தார். நான் கூப்பிடுவது சித்தப்பா என்றுதான்; அவர் பெயரையும் கீழே சேர்த்திருக்கிறேன். தொண்ணூறைத் தாண்டிவிட்டார், படுத்த படுக்கை. அப்பாவைப் பற்றிக் கேட்டால், "அவன் நல்லவம்மா" என்பதோடு வாயை மூடிக்கொள்வார்.

அப்பா உண்மையிலேயே ஓடினாரா ஐயா?

இப்படிக்கு,
உங்கள் வாசகி

மே 19

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் தைத்து அனுப்பிய சட்டை கிடைத்தது. புத்தகப் பின்னட்டையில் இருந்த என் படத்தைப் பார்த்தே அளவு பிடித்துவிட்டீர்களே! கச்சிதம். இருபத்தாறு வருடமாகக் கோப்புகளோடு கிடக்கிறேன். "செத்தவங்களோடயே குடித்தனம் பண்ணுங்க" என்று மனைவி கிளம்பிப்போன பிறகு, எனக்குத் துணி எடுத்தவர் நீங்கள்தான்.

கோப்பு கிடைத்துவிட்டது. விசாரணை பதினெட்டு நிமிடம். உங்கள் அப்பா ஓடவில்லை அக்கா. காலில் குண்டுபட்ட ஒருவரை மருத்துவக் கூடாரம் வரை சுமந்து வந்ததாகச் சொல்லியிருக்கிறார். நீதிமன்றம் நம்பவில்லை. நான் நம்புகிறேன், கூடாரத்துப் பதிவேட்டில் இருவர் வந்ததாகக் குறித்திருக்கிறது.

இரண்டாம் சாட்சியின் வாக்குமூலம் ஒரு பக்கம் இருக்கிறது. அது மட்டும் வேண்டாமே.

அன்புடன்,
தம்பி

ஜூன் 2

அன்புத் தம்பிக்கு,

உங்கள் கடிதத்தைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு தூங்குகிறேன். சித்தப்பாவின் காதருகே போய், "அப்பா ஓடலையாம் சித்தப்பா" என்று சத்தமாகச் சொன்னேன். சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. சந்தோஷத்தில் அழுகிறார் என்று நானும் அழுதேன்.

அந்தப் பக்கத்தையும் அனுப்புங்கள். எழுபத்திரண்டு வயதுக்காரியிடம் என்ன ஒளிவுமறைவு? நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

அக்கா

ஜூன் 20

அன்புள்ள அக்காவுக்கு,

மூன்று முறை உறையில் போட்டு, மூன்று முறை வெளியே எடுத்தேன். நகல் இத்துடன் இருக்கிறது. உட்கார்ந்து படியுங்கள்.

அப்பா சுமந்து வந்தது உங்கள் சித்தப்பாவை. இரண்டாம் சாட்சியும் அவரே. "என்னை யாரும் தூக்கவில்லை. நானே தவழ்ந்து வந்தேன்" என்று சொல்லியிருக்கிறார். கீழே கைநாட்டு. அப்போது அவருக்குப் பத்தொன்பது வயது.

என் அடுத்த புத்தகத்தின் முக்கியமான அத்தியாயம் இது. நீங்கள் வேண்டாம் என்றால் எடுத்துவிடுகிறேன்.

தம்பி

ஆகஸ்ட் 11

பேராசிரியர் ஐயாவுக்கு,

பக்கத்தை அவரிடம் படித்துக் காட்டினேன். சுவரைப் பார்த்தபடியே பேசினார். "என் கால்ல நானே சுட்டுக்கிட்டேம்மா. வீட்டுக்கு அனுப்பிருவாங்கன்னு நெனச்சேன். அவன் தூக்கிட்டு வந்தான். அவன்தான் தூக்கினான்னு சொன்னா, காயம் எப்படி ஆச்சுன்னு அவனையும் கேப்பாங்க. அவனுக்குப் பொய் சொல்ல வராது. உண்மை தெரிஞ்சா என்னைச் சுட்டிருவாங்க."

அன்று முழுக்க அவர் பக்கமே போகவில்லை. மறுநாள் காலையில் போய் உடம்பு துடைத்து, சாப்பாடு ஊட்டினேன். வேறு யார் இருக்கிறார்கள்? மன்னித்தேன் என்று நான் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. போன புதன்கிழமை போய்ச் சேர்ந்தார்.

அத்தியாயத்தைப் போடுங்கள். அப்பா ஓடவில்லை என்று நாலு பேருக்குத் தெரியட்டும். புத்தகத்தை மட்டும் எனக்கு அனுப்பவேண்டாம். கடிதமும் வேண்டாம். நீங்கள் எதுவும் தப்பாகச் செய்யவில்லை. உங்கள் கையெழுத்துள்ள உறையை இனி என்னால் பிரிக்க முடியாது.

இறப்பைப் பதியப் போனபோது, "நீங்க அவருக்கு என்ன உறவும்மா?" என்று குமாஸ்தா கேட்டார். எனக்குப் பின்னால் வரிசை நின்றது. அவர் இரண்டாம் முறையும் கேட்டார்.

மகள் என்றேன்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி