ஆற்றுக்கு அக்கரையில் சிவப்பு

மே 4

அன்புள்ள மகளுக்கு,

நலம். நீ அனுப்பிய வரைபடத்தைப் பூதக்கண்ணாடி வைத்து இரண்டு நாள் பார்த்தேன். சொல்ல வேண்டியவை நான்கு:

1. கொசு பரப்பும் வைரஸ் காய்ச்சல் எந்த மந்தையைத் தாக்கும் என்பதை மழை, வெப்பம், தேங்கும் நீர் ஆகியவற்றைச் சேர்த்து நீ கணித்த விதம்.
2. பச்சைக்கும் மஞ்சளுக்கும் வித்தியாசம் தெரியவில்லை.
3. ஆற்றுக்கு அக்கரையில் அதிக ஆபத்து என்று சிவப்பு பூசியது தவறு.
4. நேரத்துக்குச் சாப்பிடு.

முதலாவது மிக நேர்த்தி. மூன்றாவதுதான் உறுத்துகிறது. இருபத்தாறு வருடம் அங்கே கால்நடை மருத்துவர் நான்தான். இந்தக் காய்ச்சல் வந்தால் சினை ஆடுகளுக்குக் கரு கலையும்; என் மாதப் படிவங்களில் அக்கரையில் ஓர் ஆட்டுக்குக்கூடக் கரு கலைந்ததாக இல்லை. இருக்கிற கொஞ்சம் தடுப்பூசி வீணாகக் கூடாது. நான் பழைய ஆள். பிசகாகச் சொல்லியிருந்தால் பொறுத்துக்கொள்.

அன்புடன்,
அப்பா

மே 11

அன்புள்ள அப்பாவுக்கு,

பச்சையை நீலமாக்கிவிட்டேன். சாப்பிடவும் செய்கிறேன்.

மூன்றாவதால் ஆபீஸில் மாட்டிக்கொண்டேன். இயக்குநர் உங்கள் படிவக் கட்டை மேசையில் போட்டு, "உங்கப்பா வருஷா வருஷம் பூஜ்யம்னு எழுதியிருக்காரு. நீ சிவப்புங்கிற. வீட்லயே பேசி முடிச்சுட்டு வாம்மா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எந்த மந்தைகளுக்குத் தடுப்பூசி என்ற பட்டியல் மாதக் கடைசியில் முடிவாகும். மழைக்கு முன் ஊசி போகாவிட்டால் அக்கரை மந்தைகளுக்கு இந்த வருடம் கிடையாது.

ஒன்று கேட்கிறேன், கோபிக்கக் கூடாது. மழை மாதங்களில் ஆற்றை எப்படிக் கடந்தீர்கள்?

உங்கள் மகள்

மே 14

அன்புள்ள மகளுக்கு,

கடக்கவில்லை.

உன் கடிதம் வந்ததும் பழைய நாட்குறிப்புகளை வருடவாரியாகச் சரிபார்த்தேன். பாலம் மூழ்கியதும் ஜீப் இக்கரையில் நின்றுவிடும். "அக்கரை ஆடெல்லாம் சௌக்கியம்னு எழுதுங்க டாக்டரே, அதுங்களா வந்து மறுக்கப் போகுது?" என்பார் டிரைவர். கட்டத்தைக் காலியாக விட்டால் தலைமையகம் படிவத்தைத் திருப்பி அனுப்பிவிடும். எனவே பூஜ்யம் போட்டேன். கொசு பெருகுவதும் அந்த மாதங்களில்தான்.

ஒரு வருடம் நீர் வடிந்தபின் நான் அக்கரைக்குப் போனபோது ஆடு மேய்க்கும் அம்மாள் ஒருத்தி, எட்டு ஆடு கரு கலைந்து குட்டி வீசியதாகச் சொன்னாள். எந்தத் தேதி என்று கேட்டேன். "தேதி பாத்தா குட்டி வீசுது?" என்றாள். தேதி இல்லாததால் நான் பதியவில்லை.

இவ்வளவையும் எழுதி இயக்குநருக்கும் அனுப்பிவிட்டேன்.

உன் வரைபடம் இப்போது கூடத்துச் சுவரில் இருக்கிறது. தண்ணீர் கேன் கொண்டுவந்தவர், "யார் போட்டது?" என்று கேட்கும்வரை அவருக்கு வழிவிடாமல் நின்றேன். நான் போகாத இடத்துக்கு என் மகள் போயிருக்கிறாள் என்று சொன்னேன்.

என் மூன்றாவது கருத்து தவறு. சிவப்பு அங்கேயே இருக்கட்டும்.

அப்பா